ஏழைக் கிராமங்கள் வழியே போய்வந்தால் பார்வை மாறுமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் தொடர்ந்து வாசிக்க வசதியாக இருக்கும். சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கிறீர்கள். தை மாதக் கடைசியில் நண்பர்களோடு பைக்கில் ராமநாதபுரம் மாவட்டத்தின் உள்பகுதிகளில், கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கம், சில நாட்கள் சுற்றினீர்கள். பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போவதைப் பார்த்தீர்கள். முன்பின் தெரியாத ஒரு வீட்டில் சாப்பாடு போட்டுவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டார்கள். ஊர் திரும்பியதிலிருந்து கடைக்குப் போனாலே மனம் உறுத்துகிறது. 'ஒன்றும் இல்லாவிட்டாலும் அவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள், நாம்தான் ஓடிக்கொண்டே இருக்கிறோம்' என்றும் தோன்றுகிறது. இந்த மாற்றம் நிலைக்குமா, இரண்டு வாரத்தில் கரைந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: நீங்கள் பார்த்தது அந்த மக்களின் வாழ்க்கையைத்தானா? அதற்கு விடை தெரிந்தால்தான் மற்றதற்குப் பதில் சொல்ல முடியும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் பல வருடங்களாகத் தென்மாவட்டங்களில் குடும்பக் கணக்கெடுப்பு வேலை செய்து வருபவன். வீடு வீடாகப் போய் வரவு, செலவு, கடன், நோய், வேலை என்று கேட்டு எழுதுவது என் தொழில். சமூகப்பணி படிக்கும் மாணவர்களைக் கிராம முகாமுக்குக் கூட்டிப்போய்ப் பயிற்சியும் கொடுக்கிறேன். ஆகவே ஊருக்கு வருகிறவர்களின் பார்வை எப்படி மாறுகிறது, எது தங்குகிறது, எது போகிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் என் அனுபவம் பெரும்பாலும் ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், புதுக்கோட்டை மாவட்டங்களோடு நின்றுவிடும். ஜார்க்கண்டிலோ ஒடிசாவிலோ பயணம் போய்வந்த ஒருவருக்கு நான் சொல்வதில் பாதி பொருந்தாமல் போகலாம்.

முதலில் பருவத்தைப் பேச வேண்டும். நீங்கள் போனது அந்த வட்டாரத்தின் நல்ல காலம். தை பிறந்து நெல் அறுப்பு முடிந்திருக்கும். முண்டு மிளகாய் பழுக்கத் தொடங்கியிருக்கும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே மிளகாய்தான். பனையில் பாளை சீவ ஆரம்பித்து, பதநீர் இறங்கி, கருப்பட்டி காய்ச்சும் வேலை சூடு பிடிக்கும் நேரம். கண்மாயில் கொஞ்சமாவது தண்ணீர் கிடக்கும். கையில் காசு புழங்கும், கோயில் கொடை, காதுகுத்து என்று ஊர் கலகலப்பாக இருக்கும். இதே ஊர்களுக்குப் புரட்டாசியில் போனால் வேறு ஊரைப் பார்ப்பீர்கள். பனை வேலை ஆடியோடு ஓய்ந்திருக்கும். போன வருட நெல் தீர்ந்திருக்கும். கண்மாய் வெடித்துக் கிடக்கும். டிராக்டர் வாடகைக்கும் விதைக்கும் உரத்துக்கும் நகை அடகுக்குப் போயிருக்கும். அங்கே நாற்று விட்டு நடுவது குறைவு. மழைக்கு முன்னாலேயே புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்பார்கள். ஐப்பசி மழை நேரத்துக்கு இறங்கினால் போட்ட பணம் உயிர் பெறும். முளைத்த பிறகு இருபது நாள் மழை இல்லாவிட்டால் பயிர் கருகும், அடகு நகை மூழ்கும்.

இதிலும் எல்லோருக்கும் ஒரே கணக்கு இல்லை. நிலமில்லாதவர்களுக்குச் சீமைக்கருவேல மரம் வெட்டுவதும் கரிமூட்டம் போடுவதும்தான் தினக்கூலி. மழை பிடித்துவிட்டால் மூட்டம் போட முடியாது. விதைத்தவன் கும்பிட்டு வாங்கும் அதே மழையில் கரி வேலைக்காரன் வீட்டு வருமானம் நின்றுபோகிறது. ஒரே தெருவில் எதிரெதிர் வீடுகளில் இருப்பவர்கள் ஒரே மேகத்தைப் பார்த்து எதிரெதிராக நினைக்கிறார்கள். இதை மூன்று நான்கு நாட்களில் யாராலும் பார்த்துவிட முடியாது. நம்முடைய வறுமை பெரும்பாலும் காலத்துக்குள் ஒளிந்திருக்கிறது. பயணியோ இடத்தைத்தான் பார்க்கிறார். நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பதில் முக்கால்வாசி இதுதான்.

ராபர்ட் சேம்பர்ஸ் என்ற ஆய்வாளர், 1970-களில் நம் வட ஆற்காடு கிராமங்களிலும் வேலை பார்த்தவர், 1983-ல் இதை ஒழுங்காக எழுதினார். நகரத்திலிருந்து கிராமத்துக்கு வந்துபோகும் அதிகாரிகளும் நிபுணர்களும் ஏழைகளை ஏன் பார்க்காமலேயே திரும்புகிறார்கள் என்பது அவர் எடுத்துக்கொண்ட விஷயம். தார்ச்சாலையை ஒட்டிய ஊரையே பார்க்கிறார்கள். ஏற்கெனவே திட்டம் நடக்கும் ஊருக்கே போகிறார்கள். பேசத் தெரிந்த, ஆரோக்கியமான, பெரும்பாலும் ஆண்களையே சந்திக்கிறார்கள். பயணத்துக்குத் தோதான பருவத்திலேயே வருகிறார்கள். மரியாதை கருதிச் சங்கடமான கேள்விகளைத் தவிர்க்கிறார்கள். தங்கள் படிப்பு எதைப் பார்க்கச் சொல்கிறதோ அதை மட்டும் பார்க்கிறார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்றைக்கும் ஒவ்வொரு முகாமிலும் இதை நான் பார்க்கிறேன். பைக்கில் போகிறவருக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும், ஏனென்றால் பைக் எங்கே போகுமோ அங்கேதான் நீங்கள் போவீர்கள்.

நீங்கள் சாப்பிட்ட வீடு எந்தத் தெருவில் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். ரோட்டோரம் டீக்கடை, அதை ஒட்டிக் கோயில், ஊரணி, ஊராட்சி அலுவலகம், அதற்குப் பின்னால் ஊர். ஆதிதிராவிடர் குடியிருப்பு பல ஊர்களில் அதற்கும் அப்பால், வயலையோ ஓடையையோ தாண்டித்தான் இருக்கும். தண்ணீர்க் குழாய் கடைசியாக வருவதும் அங்கேதான், தெருவிளக்கு கெட்டால் வாரக்கணக்கில் இருட்டாகக் கிடப்பதும் அங்கேதான். 'கிராமம்' என்று நீங்கள் பார்த்தது ஊரின் ஒரு பாதியாக இருக்க வாய்ப்பு உண்டு. கிராமத்து மக்கள் எல்லோரும் ஒரே குடும்பம்போல இருக்கிறார்கள் என்று வந்து சொல்கிற பயணிகள் அநேகமாக இந்த மறுபாதிக்குப் போகாதவர்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. யாரும் கூட்டிப்போகாவிட்டால் வழி தெரியாது, அவ்வளவுதான்.

அப்புறம், யார் அங்கே இல்லை என்பதும் இருக்கிறது. நீங்கள் பேசிய ஆட்களில் இருபது முதல் நாற்பது வயது ஆண்கள் எத்தனை பேர்? திருப்பூரில், கோவையில், சென்னைக் கட்டட வேலையில், வளைகுடா நாடுகளில் இருப்பார்கள். வீட்டில் கிழவர்களும் பெண்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இருப்பார்கள். உள்ளறையில் படுத்திருக்கும் நோயாளியை விருந்தாளிக்குக் காட்டமாட்டார்கள். எங்கள் கணக்கெடுப்பில் ஒரு குடும்பம் சரிந்த கதையைக் கேட்டால் பெரும்பாலும் இரண்டு மூன்று இடங்களில்தான் போய் நிற்கும்: ஒரு பெரிய வைத்தியச் செலவு, தொடர்ந்து இரண்டு வருட மழைப் பொய்ப்பு, சம்பாதிப்பவரின் குடி அல்லது சாவு. மூன்றுமே வாசலில் நின்று பார்த்தால் கண்ணில் படாதவை.

இனி, அந்த நிம்மதியைப் பற்றிப் பேசலாம். அவர்கள் உங்களுக்குக் காட்டிய அன்பு மெய்யானது, அதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. வீட்டு வாசலுக்கு வந்தவரைப் பட்டினியாக அனுப்புவது அந்தப் பக்கம் பெரிய மானக்கேடு. ஆனால் அன்பும் சிரிப்பும் வாழ்க்கை சுலபமாக இருப்பதற்குச் சாட்சி ஆகாது. பல நாடுகளில் மக்களிடம், 'உங்கள் வாழ்க்கைக்கு நீங்களே பத்துக்கு எத்தனை கொடுப்பீர்கள்' என்று கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஏழைகள் சராசரியாகக் குறைவாகவே கொடுக்கிறார்கள். இது திரும்பத் திரும்ப உறுதியான முடிவு. அன்றாடச் சிரிப்பு, பேச்சு, கோபம் போன்றவை வேறு கணக்கு. அவை வருமானத்தோடு அவ்வளவு இறுக்கமாக ஒட்டிப்போவதில்லை. அதனால் நீங்கள் பார்த்த சிரிப்பும் நிஜம், அதே ஆளிடம் 'உன் பிள்ளையும் இதே வாழ்க்கை வாழட்டுமா' என்று கேட்டால் உடனே வரும் 'வேண்டவே வேண்டாம்' என்ற பதிலும் நிஜம். நான் பார்த்த கரிமூட்டக்காரர்களில், பனையேறிகளில், தன் மகன் இதே தொழிலுக்கு வரட்டும் என்று விரும்பியவரை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களுடைய நிம்மதியைப் பார்த்து நாம் பாடம் படிக்க ஆரம்பித்தால், அவர்கள் தப்பித்துப் போக நினைக்கும் இடத்தை நாம் புகழ்ந்துகொண்டிருப்போம். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு, ஏனென்றால் நல்ல மனதுக்காரர்கள்தான் இந்த இடத்தில் அதிகம் சறுக்குகிறார்கள்.

கண் எப்படி ஏமாறும் என்பதற்குப் பக்கத்து மாவட்டத்திலிருந்து ஒரு உதாரணம். புதுக்கோட்டையில் கீரமங்கலம், வடகாடு, தஞ்சாவூர்ப் பக்கம் பேராவூரணி வட்டாரங்களில் ஆடி, ஆவணி மாதங்களில் மொய்விருந்து நடக்கும். பந்தல், ஃபிளெக்ஸ், ஆட்டுக்கறிச் சாப்பாடு, வரிசையாக உட்கார்ந்து மொய் எழுதுகிறவர்கள். வெளியிலிருந்து வருகிறவர், 'கடன் வாங்கிக் கறிவிருந்து போடுகிறார்களே, இப்படி இருந்தால் எப்படி முன்னேறுவார்கள்' என்பார். உள்ளே நடப்பது வட்டியில்லாத பெரும் நிதி ஏற்பாடு. வருடக்கணக்காக ஊரார் விசேஷங்களில் எழுதிய மொய்யை ஒரே நாளில் மொத்தமாகத் திரும்பப் பெற்று, அந்தப் பணத்தில் போர் போடுவார்கள், வீடு கட்டுவார்கள், பிள்ளையைப் படிக்கவைப்பார்கள். நோட்டில் ஒவ்வொரு பெயரும் தொகையும் இருக்கும். திருப்பி எழுதும்போது கொஞ்சம் கூட்டி எழுதுவது வழக்கம். எழுதாமல் விட்டால் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்துப் போட்டபோது இந்தச் சுழற்சியும் அடிவாங்கியது. சாப்பாட்டுக்குக் காசு வாங்க மறுத்த வீட்டுக்கு எப்படித் திருப்பிச் செய்வது என்று கேட்டிருந்தீர்களே, அதற்கும் இதில் வழி இருக்கிறது. அந்த வீட்டில் விசேஷம் வந்தால் சொல்லச் சொல்லுங்கள், போய் மொய் எழுதுங்கள். ஆனால் அவர்களால் திருப்பி எழுத முடிகிற தொகையாக எழுதுங்கள். பெரிய தொகை எழுதினால் அவர்களைக் கடனாளி ஆக்கிவிட்டு வருவீர்கள்.

ஏழைகளுக்குப் பணத்தை நிர்வகிக்கத் தெரியாது என்பது நகரத்தில் ஆழமாகப் பதிந்துபோன எண்ணம். வங்கதேசம், இந்தியா, தென்னாப்பிரிக்கா நாடுகளில் சுமார் 250 ஏழைக் குடும்பங்களின் வரவு செலவை ஒரு வருடம் முழுக்க இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எழுதிப் பார்த்து, 2009-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். வருமானம் குறைவு என்பதோடு, எப்போது வரும் என்று தெரியாமல் இருப்பதுதான் பெரிய தொல்லை என்று அதில் தெரிந்தது. அதைச் சமாளிக்க அந்தக் குடும்பங்கள் சீட்டு, கைமாற்று, கடைக்கடன், பக்கத்து வீட்டில் கொடுத்து வைக்கும் பணம் என்று ஒரே நேரத்தில் பல வழிகளை நடத்திக்கொண்டிருந்தன. நம் ஊர்க் கணக்கெடுப்பிலும் இதே கதைதான். குழு லோன் தவணைக்குக் கைமாற்று வாங்கி, கைமாற்றை அடைக்கக் கம்மலை அடகு வைத்து, அடகை மீட்கச் சீட்டு எடுத்து, இவ்வளவையும் பள்ளிக்கூடம் முடிக்காத ஓர் அம்மா மனதிலேயே கணக்குப் போட்டு வைத்திருப்பார். மாதச் சம்பளம் தானாக வங்கியில் விழும் நம்மில் பலருக்கு அந்தத் திறமை வராது.

தமிழ்நாட்டில் பயணம் போகிறவர் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். எலும்பும் தோலுமான பட்டினியை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். அதற்குக் காரணம் உண்டு. காமராசர் காலத்து மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, எல்லா அட்டைக்கும் பொருள் தரும் ரேஷன் கடை, 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி, 2022-ல் தொடங்கிய காலை உணவு என்று அடுக்கடுக்காக வந்த ஏற்பாடுகள் பசியின் கூர்மையை மழுங்கடித்திருக்கின்றன. மத்திய அரசின் நிதி ஆயோக் 2023-ல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் கணக்கில் (உடல்நலம், படிப்பு, வாழ்க்கைத்தரம் மூன்றையும் சேர்த்து அளப்பது) தமிழ்நாட்டில் 2.2 சதவீதம் பேர்தான் ஏழைகள். அகில இந்திய அளவு ஏறக்குறைய 15 சதவீதம். இதைப் படித்துவிட்டு வறுமை முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் கணக்குக்கு அடிப்படையான அதே 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்றும் சொல்கிறது. வயிறு நிறைகிறது, ரத்தம் ஊறவில்லை. வீடு கான்கிரீட் ஆகியிருக்கிறது, அதன்மேல் கடன் இருக்கிறது. 2018-ல் மத்திய அரசு பின்தங்கிய மாவட்டங்களை 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று நாடு முழுவதும் தேர்ந்தெடுத்தபோது தமிழ்நாட்டில் இடம்பெற்ற இரண்டில் ராமநாதபுரம் ஒன்று, விருதுநகர் மற்றொன்று. டிவியும் ஸ்மார்ட்போனும் இருக்கிற வீட்டில் என்ன ஏழ்மை என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது 2.2, 53.4 என்ற இந்த இரண்டு எண்களைத்தான்.

இன்னொரு ஆய்வும் உங்களுக்குப் பயன்படும். 2013-ல் வெளியானது, நம் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் செய்தது. கரும்புக்குப் பணம் வருடத்துக்கு ஒருமுறைதான் மொத்தமாக வரும். ஒரே விவசாயிக்கு அறுவடைக்கு முன்னால், கை வறண்ட காலத்தில், ஒரு சிந்தனைத் தேர்வு; பணம் வந்தபிறகு இன்னொரு தேர்வு. பணம் வந்தபிறகு அதே ஆள் தெளிவாகச் செய்தார். பணக்கவலை மனதின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, அதனால்தான் ஏழைகள் சில முடிவுகளில் தடுமாறுகிறார்கள், அவர்களின் குணமோ புத்தியோ காரணம் இல்லை என்பது ஆய்வாளர்களின் வாதம். இதை நான் ஓரளவுக்குத்தான் எடுத்துக்கொள்வேன். 2016-ல் அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் வைத்துப் பார்த்த ஆய்வில் இப்படி ஒரு வேறுபாடு தெரியவில்லை. ஒருவேளை ஒரு மாதச் சம்பளத்துக்கும் ஒரு வருடக் கரும்புக்கும் உள்ள தூரம் காரணமாக இருக்கலாம். ஆனால் புரட்டாசியில் ஒரு விவசாயியிடம் பேசுவதும் மாசியில் அதே விவசாயியிடம் பேசுவதும் இரண்டு வேறு ஆட்களிடம் பேசுவதுபோல இருக்கும் என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். அதற்கு ஆய்வு வேண்டியதில்லை.

சரி, மாற்றம் நிலைக்குமா என்ற கேள்விக்கு வருவோம். வேறு வாழ்க்கை வாழும் மனிதர்களோடு பழகினால் முன்முடிவுகள் குறையும் என்று 1954-ல் கோர்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் சொன்னார், சில நிபந்தனைகளோடு: இருவரும் சமநிலையில் இருக்க வேண்டும், சேர்ந்து ஒரு வேலை செய்ய வேண்டும், இலக்கு பொதுவாக இருக்க வேண்டும், சுற்றியுள்ள அமைப்பும் அதை ஆதரிக்க வேண்டும். 2006-ல் இரண்டு ஆய்வாளர்கள் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பழக்கம் பொதுவாக முன்முடிவைக் குறைக்கிறது என்பது உறுதியானது. நம் நாட்டில் இதற்கு அருமையான ஒரு சான்று உண்டு. டெல்லியில் சலுகை விலையில் அரசு நிலம் பெற்ற தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும் என்று 2007-ல் கட்டாயமானது. கௌதம் ராவ் என்ற பொருளியலாளர் அந்தப் பள்ளிகளின் வசதியான வீட்டுப் பிள்ளைகளை ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டார். ஏழைப் பிள்ளைகளோடு படித்தவர்கள் அதிகம் பகிர்ந்து கொடுத்தார்கள். ரிலே ஓட்டத்துக்கு ஆள் எடுக்கும்போது, வேகமாக ஓடும் ஏழைப் பிள்ளையை ஒதுக்குவது அவர்களிடம் குறைவாக இருந்தது. கவனிக்க வேண்டியது இதுதான்: ஒரே வகுப்பில் இருந்ததைவிட, பெயரின் முதலெழுத்து வரிசைப்படி ஒரே படிப்புக் குழுவில் சேர்ந்து உட்கார்ந்ததற்குத்தான் அந்த மாற்றத்தில் பெரும்பங்கு.

இதை உங்கள் பயணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் விருந்தாளி, அவர்கள் உபசரிப்பவர்கள். சேர்ந்து செய்த வேலை எதுவும் இல்லை. இரண்டு மணி நேரத்தில் கிளம்பிவிட்டீர்கள். அதனால், பயணத்தினால் மட்டும் வந்த உணர்ச்சி நீடிக்கும் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. முகாமுக்கு வரும் மாணவர்களிடம் நான் பார்த்தது இது: 'எனக்குக் கிடைத்ததற்கு நன்றி' என்ற உணர்வு வெகுசீக்கிரம் வடிந்துவிடும், ஏனென்றால் அதில் அந்த மக்கள் நம் வசதியை அளக்கும் கருவி மட்டும்தான். குற்ற உணர்வும் அப்படித்தான். கொஞ்ச நாள் கடைக்குப் போகாமல் இருப்பார்கள், பிறகு போவார்கள். போனால் தப்பும் இல்லை. நீங்கள் சட்டை வாங்காமல் இருப்பதால் சாயல்குடியில் யாருக்கும் தண்ணீர் வந்துவிடாது. யாருக்கு மாற்றம் தங்குகிறது என்றால், ஒரு வீட்டை, ஒரு ஆளைத் தெரிந்துகொண்டு, அடுத்த பருவத்திலும் தேடிப்போகிறவர்களுக்கு. அவர்களுக்குள் ஒரு கேள்வி உட்கார்ந்துவிடுகிறது: இந்த வருடம் அவர்கள் பக்கம் மழை எப்படி, அந்தப் பெண் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு படித்தாளா, நகை மீட்டார்களா என்று. செய்தித்தாளில் வானிலை அறிக்கையை அவர்கள் படிக்கும் விதமே மாறிவிடும்.

மதுரைக்கு வந்த ஒரு பயணியை இங்கே நினைத்துக்கொள்கிறேன். காந்தி 1915-ல் இந்தியா திரும்பியபோது, ஒரு வருடம் அரசியல் பேசாமல் நாட்டைச் சுற்றிப் பார்க்கும்படி கோகலே அவரிடம் கேட்டுக்கொண்டார். மூன்றாம் வகுப்பு ரயிலில் சுற்றினார், சம்பாரணில் விவசாயிகளோடு இருந்தார். வறுமையை அவர் நிறையவே பார்த்தாகிவிட்டது. ஆனால் அவருடைய உடை மாறியது 1921 செப்டம்பர் 22 அன்று, மதுரை மேலமாசி வீதியில். சென்னையிலிருந்து மதுரைக்கு வரும் ரயிலில் உடன் வந்தவர்களிடம் கதர் உடுத்தச் சொன்னார்; கதர் வாங்கும் அளவுக்கு எங்களிடம் பணம் இல்லை என்று அவர்கள் பதில் சொன்னார்கள். அதற்கு முன்பே அந்த எண்ணம் அவர் மனதில் வந்து போயிருந்தது, ஆனாலும் முடிவெடுக்க வைத்தது அந்தப் பதில்தான் என்று நான் வாசிக்கிறேன். தான் சொன்ன அறிவுரை அவர்களுக்கு எட்டாத விலையில் இருக்கிறது என்று அவர்கள் வாயாலேயே கேட்டார். காட்சியைவிடப் பதிலுக்குப் பலம் அதிகம். உங்கள் பயணத்தில் யாராவது உங்களை மறுத்துப் பேசினார்களா? பேசியிருந்தால் அதைத்தான் நீங்கள் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

மாற்றம் நிலைத்ததா என்று பார்க்க ஒரு சோதனை சொல்கிறேன், இது என் சொந்தக் கருத்து. அடுத்தமுறை அலுவலகத்தில் யாராவது ரேஷன் அரிசியையும் நூறு நாள் வேலையையும் 'இலவசம் கொடுத்துச் சோம்பேறி ஆக்கிவிட்டார்கள்' என்று பேசும்போது உங்கள் வாய் என்ன சொல்கிறது என்று பாருங்கள். காலை நான்கு மணிக்குத் தண்ணீர் வண்டி தள்ளிவிட்டு, பிறகு விறகு வெட்டப் போகிற பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தவர் அந்த இடத்தில் சும்மா இருக்கமாட்டார். உங்கள் கம்பெனிக்குப் பக்கத்தில் எழும்புகிற கட்டடத்தில் சித்தாள் வேலை செய்பவர் எந்த ஊர், வருகிற மாதம் விதைப்புக்குப் போகிறாரா என்று கேட்கத் தோன்றும். அதற்குப் பைக்கும் வேண்டாம், விடுமுறையும் வேண்டாம்.

மறுபடி போவதாக இருந்தால் சில யோசனைகள். பல ஊர் சுற்ற வேண்டாம், அதே ஊருக்குப் போங்கள். டவுன் பஸ்ஸில் போங்கள். பஸ் எத்தனை மணிக்கு வருகிறது, கடைசி பஸ் போய்விட்டால் பிரசவ வலி வந்தவள் என்ன செய்வாள் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். பிள்ளைகளுக்குக் காசும் சாக்லேட்டும் கொடுத்துப் பழக்க வேண்டாம். மிளகாயும் கருப்பட்டியும் அவர்கள் சொல்லும் விலைக்கு வாங்குங்கள். 'மாதம் எவ்வளவு சம்பாதிப்பீர்கள்' என்று கேட்காதீர்கள், அதற்கு யாருக்கும் சரியான விடை தெரியாது. 'போன வருடம் வந்த பெரிய செலவு எது, அதை எப்படிச் சமாளித்தீர்கள்' என்று கேளுங்கள், ஒரு மணி நேரம் பேசுவார்கள். உங்களை அதிகாரி என்று நினைத்து யாராவது குறை சொன்னால் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். மனு எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுங்கள், கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்துக்கு எடுத்துப்போகச் சொல்லுங்கள்.

தேதி கேட்டால் அக்டோபர் 2 என்பேன். விடுமுறை நாள், புரட்டாசி மாதம், கிராமசபை கூடும் நாளும்கூட. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் கிராமசபை உண்டு, ஆனால் ஊரின் கை மிகவும் வறண்டிருக்கும் நேரத்தில் வருவது அக்டோபர் கூட்டம்தான். அது அந்த ஊர் வாக்காளர்களின் கூட்டம் என்பதால் நீங்கள் பேச முடியாது. ஊராட்சிச் செயலரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்து, வரவு செலவு வாசிக்கும்போது யார் எழுந்து கேள்வி கேட்கிறார்கள், எந்தத் தெருக்காரர்கள் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். கூட்டம் முடிந்ததும் அந்தத் தெருவுக்குப் போய்வாருங்கள்.